யாருடைய பாதம் மரத்துப்போனது?

லிஃப்டுக்குள் மறுபடியும் ஓர் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பூங்கோதை அதைக் குனிந்து எடுத்துக் கையிலிருந்த கூடையில் போட்டாள். கூடையில் ஏற்கெனவே நான்கைந்து கிடந்தன. ஒன்றுக்கும் ஜோடி இல்லை.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருக்கும் நொய்யல் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவள். காலையில் அவளுக்கு வேலைகள் உண்டு. மொட்டைமாடியில் ட்ரோன்கள் இறக்கிவிட்டுப் போகும் பால் பாக்கெட்டுகள் வீடு மாறாமல் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். தோட்ட ரோபோ புதினாவைக் களை என்று நினைத்துப் பிடுங்காமல் அதட்டி வைக்க வேண்டும். கொஞ்ச நாளாக இந்தச் செருப்புப் பொறுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

யாரும் வேண்டுமென்று விட்டுவிட்டுப் போவதில்லை. காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமலேயே நடந்து போய்விடுகிறார்கள். முதல் மாடி பத்மநாபன் ஒற்றைச் செருப்போடு அலுவலகம் போய், பெரிய அதிகாரிகள் நடுவே எழுந்து நின்று நீளமாகப் பேசி, கைதட்டலும் வாங்கி, வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தன் காலைப் பார்த்தார். கைதட்டியவர்கள் ஏன் சிரித்துக்கொண்டே தட்டினார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது. கணினி வேலை பார்க்கும் ரோஷினி ஏறினாள்.

"அக்கா, உங்களுக்கும் பாதம் சுறுசுறுங்குதா?"

"எல்லாத்துக்குந்தான் கண்ணு. சோடா பாட்டலுக்குள்ள கால வுட்டாப்பல இருக்குது."

"யாரோடதுங்க்கா அது?"

"அதக் கேக்கப்படாதுன்னுதான சட்டம் போட்டு வெச்சிருக்கறாங்க."

ரோஷினி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நல்லவேளையாக இரண்டு செருப்புகளும் அவளோடு போயின.

அந்தக் காலத்தில் எல்லோருடைய பிடரியிலும் நெல்மணி அளவுக்கு ஒரு பொத்தான் பதிந்திருந்தது. அதன் பெயர் பங்கி. உடம்பில் வலி, எரிச்சல், குடைச்சல் என்று எது கிளம்பினாலும் பங்கி அதைப் பிடித்துக் கீழ்த்தளத்தில் இருக்கும் பங்குப்பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைக் குடியிருப்பில் உள்ள நூற்றுச் சொச்சம் பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். திட்டத்துக்கு வலிப்பங்கு என்று பெயர். ஒருவருக்குச் சொத்தைப் பல் என்றால், காபி குடிக்கும்போது எல்லோருடைய கடைவாயிலும் லேசாகக் கூசும். அவ்வளவுதான். மூன்றாம் மாடி சுடர்விழிக்குப் பிரசவம் ஆன அன்று, குடியிருப்பு முழுக்க இடுப்பில் யாரோ கிள்ளியதுபோல் இருந்தது. கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். சுடர்விழி பிரசவ அறையில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கா அந்தக் காலத்துல அப்படிக் கத்துனாங்க?" என்று அவள் கேட்டதாக நர்ஸ் சொன்னார்.

ஒரே ஒரு நிபந்தனை. வலி யாருடையது என்று பெட்டி சொல்லாது. ஆரம்ப காலத்தில் பெயரோடுதான் வந்துகொண்டிருந்தது. "உன் மூலத்துக்கு நான் எதுக்குய்யா நின்னுக்கிட்டே சாப்பிடணும்?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் அடிதடி ஆனபிறகு பெயரை மறைத்துவிட்டார்கள். அதன்பின் ஊரில் அமைதி நிலவியது. எங்கே வலித்தாலும் அது வேறு யாருடையதோ என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

பூங்கோதை செருப்புக் கூடையோடு தரைத்தளத்தில் இருக்கும் மருத்துவ அறைக்குப் போனாள். டாக்டர் ஷமீமா ஜன்னலோரத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அறையில் செடிகள் அமோகமாக வளர்ந்திருந்தன. வலியே தெரியாதவர்கள் டாக்டரிடம் எதற்கு வரப்போகிறார்கள்?

"வாங்கக்கா! உடம்பு சரியில்லையா?" டாக்டரின் குரலில் ஓர் ஆசை இருந்தது.

"எனக்கு நல்லாத்தான் இருக்குதுங்க டாக்டர். இதைப் பாருங்க." கூடையை மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் செருப்புகளைப் பார்த்தார். "எனக்கும் ரெண்டு தொலைஞ்சுது. பாத்தா இங்கதான் இருக்கு." ஒன்றை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு யோசித்தார். "முதல்ல எப்படி இருந்துச்சுக்கா?"

"பொங்கல் சமயத்துல லேசா ஊசி குத்துனாப்பல இருந்துச்சு. இப்ப மதமதன்னு ஆகிப்போச்சு."

"ஏறிக்கிட்டே போகுதுன்னு அர்த்தம்." டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கை கால் மரத்துப்போறதுக்குக் காரணம் எவ்வளவோ இருக்குக்கா. காலை மடக்கியே உக்காந்திருந்தாலும் மரத்துப்போகும், எழுந்து நடந்தா சரியாயிரும். மணிக்கட்டுல நரம்பு நசுங்கலாம். கழுத்துல, முதுகுல தட்டு விலகி அமுக்கலாம். பி-பன்னிரண்டு சத்து குறையலாம். தைராய்டு, குடிப்பழக்கம், சில மாத்திரை. எல்லாத்துக்கும் மேல சர்க்கரை. இது பாதத்துல ஆரம்பிச்சு மெதுவா மேல ஏறுது. எனக்குச் சர்க்கரை மேலதான் சந்தேகம்."

"இருந்துட்டுப் போகட்டுமே டாக்டர். அதான் எல்லாரும் பிரிச்சு எடுத்துக்கறமே?"

"அங்கதான் தப்பு. வலியைப் பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சம் வலி வரும். மரத்துப்போறது வலி இல்லக்கா, அது இல்லாமை. இல்லாமையைப் பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சம் இல்லாம போகும். நூறு பேருக்குப் பிரிச்ச பின்னாடியும் நமக்குச் செருப்பு கழல்றது தெரியலைன்னா, அந்த ஆளோட நிஜமான பாதம் எந்த நிலைமையில இருக்கும்? ஆணி ஏறினாக்கூடத் தெரியாது. புண்ணாகிச் சீழ் பிடிச்சாலும் தெரியாது. ஒருநாள் காலையே எடுக்கணும்னு ஆயிரும்."

பூங்கோதை திடுக்கிட்டாள். "அந்த ஆளுக்கே தெரியாதுங்களா?"

"எப்படித் தெரியும்? அவருக்கும் நம்மளை மாதிரி நூத்துல ஒரு பங்கு மரமரப்புதான். யாருக்கோ என்னமோன்னு நினைச்சுட்டு அவரும் செருப்பைத் தேடிட்டு இருப்பார்."

கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. பிடரிப் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் பங்கி அணைந்துவிடும். அணைத்தவருக்கு அவருடைய உடம்பு மட்டும், முழுசாகத் தெரியும். ஒவ்வொருவராக அணைத்துப் பார்த்தால் போதும். இதற்காக மாலையில் சங்கக் கூட்டம் கூட்டினாள் பூங்கோதை.

அப்படியொரு ஒற்றுமையை அந்தச் சங்கம் அதற்கு முன் கண்டதில்லை. ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. பதினைந்து வருடமாகத் தன் வலியைத் தான் பார்க்காதவர்கள், திடீரென்று முழுசாகப் பார்க்கச் சொன்னால் பார்ப்பார்களா? பத்மநாபன் தன் ஜாதகத்தில் நேரம் சரியில்லை என்றார். சுடர்விழி குழந்தை தூங்குகிறது என்றாள். ஒருவர் பங்கியை அணைத்தால் முடி கொட்டும் என்று எங்கோ படித்திருந்தார்.

"மொதல்ல சின்னராஜ் சாரைக் கேளுங்க மேடம்!" என்று பத்மநாபன் எழுந்தார். "நானும் கவனிச்சுட்டேதான் இருக்கேன். இத்தன பேருக்குச் செருப்பு கழலுது. அவருக்கு மட்டும் ஒருநாளும் கழலல. நம்ம தலைல கட்டிட்டு அவர் ஜம்முனு நடக்கறாரு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்காம் மாடி சின்னராஜ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற வரி அதிகாரி. யாரோடும் அதிகம் பேசமாட்டார். அவர் காலில் இரண்டு செருப்புகளும் இருந்தன. எழுந்து படியேறிப் போய்விட்டார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்ற திருப்தியில் கூட்டம் கலைந்தது.

பூங்கோதை அவர் வீட்டுக்குப் போனாள். சின்னராஜ் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தைலம் தேய்க்கும் மனிதரை அவள் பார்த்து வருடக்கணக்காகிறது.

"என்னுங்க இது?"

"முட்டி வலிக்குது அம்மணி."

"அதுக்கு எதுக்குங்க தைலம்? பெட்டி பாத்துக்குமே?"

"எம்பட பங்கிய நான் அணைச்சு ஆறு வருசம் ஆச்சு. இது எம்பட முட்டி. எம்பட வலி." தைலப் புட்டியை மூடினார். "எம்பட ஊட்டுக்காரி ருக்குமணி தவறிப்போன அன்னிக்கு நெஞ்சுல ஒரு வலி வந்துது பாத்துக்க. வந்த வேகத்துல பெட்டி புடுங்கிட்டுப் போய் ஊருக்கெல்லாம் பிரிச்சுப்போட்டுது. எனக்கு மிச்சம் வந்தது ஒரு எறும்புக் கடி. முப்பது வருசம் ஒண்ணா இருந்தவளுக்கு ஒரு எறும்புக் கடி! எனக்கு வெக்கமாப் போயிருச்சு. அன்னைக்கே அணைச்சுப்போட்டேன்."

பூங்கோதைக்கு அந்த நாள் நினைவிருந்தது. காலையில் இட்லி ஊற்றும்போது நெஞ்சுக்குள் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. வாயு என்று நினைத்து இரண்டு பல் பூண்டு தின்றாள்.

"வெளிய சொல்லிருக்கலாமுங்களே. எல்லாரும் உங்களத்தான் தப்பா நெனைக்கறாங்க."

"நெனச்சுட்டுப் போறாங்க. அந்தக் கால்காரனத் தேடுற வழியப் பாரு."

படியிறங்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். ஒவ்வொருவராகக் கெஞ்சினால் நடக்காது. பெட்டியையே கொஞ்ச நேரம் அணைத்துவிட வேண்டியதுதான். பராமரிப்புக்காக அணைக்கச் செயலாளருக்கு அதிகாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அறிவித்தாள். வராதவர்கள் வீட்டில் தனியாக அனுபவிக்க நேரிடும் என்பதால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள்.

அவள் கணவர் மயில்சாமி டீ போட்டுக் கொண்டுவந்தார். நகரத்து ட்ரோன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பார். சங்கக் கூட்டம் என்றால் மட்டும் உற்சாகமாகிவிடுவார், டீ போடலாமே. அன்றும் வழக்கம்போல் ஒற்றைச் செருப்போடு கப்புகளை நீட்டிக்கொண்டே சுற்றினார். அவர் போடும் டீ பாயசத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

பூங்கோதை பெட்டியின் விசையைக் கீழே தள்ளினாள்.

முற்றம் முழுக்க ஒரு பெரிய "ஐயோ!" எழுந்தது. பத்மநாபன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவருக்குச் சொத்தைப் பல் இருந்த விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. யாரோ கையிலிருந்த டீக் கப்பைத் தவறவிட்டார்கள். அது தரையில் விழுந்து சிதறியது. ஒரு பெண் தன் கால் கட்டைவிரலைப் பார்த்து, "இவ்வளவு நாளும் நகம் உள்ள வளந்துட்டு இருந்ததா?" என்று அழுதாள். இடுப்பு, தோள், அல்சர், ஆணிக்கால் என்று திசைக்கொரு குரல். சின்னராஜ் மட்டும் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். பழகிய மனிதர்.

டாக்டர் ஷமீமா ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றார். "யாருக்கெல்லாம் கை காலு சுறுசுறுங்குது? மரத்த மாதிரி இருக்குது? கையைத் தூக்குங்க!"

ஒருவரைத் தேடினால் ஒரு டஜன் கைகள் உயர்ந்தன. டாக்டரின் முகம் மலர்ந்தது. ரோஷினிக்குக் கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மரத்திருந்தன, தட்டச்சு அடித்து அடித்து மணிக்கட்டு நரம்பு நசுங்கியிருந்தது. சுடர்விழியின் கையில் குழந்தை தலைவைத்துத் தூங்கி, கை மரக்கட்டையாகியிருந்தது. ஓர் இளைஞனுக்குத் தொடை எரிந்தது, அவன் போட்டிருந்த இறுக்கமான ஜீன்ஸைப் பார்த்ததுமே டாக்டர் காரணத்தைச் சொல்லிவிட்டார். பத்மநாபனுக்குக் கை கால் இரண்டும். அசைவம் கிடையாது, பாலையும் விட்டுப் பல வருடம், பி-பன்னிரண்டு எங்கிருந்து வரும்? இன்னொருவர் கைபேசியோடு கழிவறைக்குள் போனால் கால் மரத்த பிறகுதான் வெளியே வருவாராம். அதை அவர் மனைவி முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஆனா அக்கா," டாக்டர் குனிந்து பூங்கோதையிடம் சொன்னார், "இதெல்லாம் சில்லறை. எல்லாத்தையும் கூட்டினாலும் செருப்பு கழல்ற அளவுக்கு வராது. அந்தப் பாதம் இன்னும் கை தூக்கல."

அப்போது தரை துடைக்கும் ரோபோ பூங்கோதையின் காலை இடித்துக்கொண்டு போனது. அது வட்ட வட்டமாக முற்றத்தைச் சுற்றி எதையோ துடைத்துக்கொண்டிருந்தது. கொட்டிய டீயைத் துடைக்காமல் எங்கே போகிறது என்று எரிச்சலோடு அதைத் தொடர்ந்து போனாள். அது துடைத்த கறை டீயின் நிறத்தில் இல்லை. சிவப்பாக இருந்தது. ரோபோவுக்கு முன்னால் மயில்சாமி கப்புகளோடு நடந்துகொண்டிருந்தார். அவருடைய வெறுங்கால் பதிந்த இடமெல்லாம் ஒரு சிவப்புத் தடம் விழ, ரோபோ பின்னாலேயே போய் அதை ஒழுங்காகத் துடைத்துக்கொண்டிருந்தது.

"மாமா! நில்லுங்க!"

"ஏங்கண்ணு, டீ பத்தலையா?"

"கால் எப்படி இருக்குதுங்க?"

"காலுக்கென்ன? பெட்டிய அணைச்சதும் சுறுசுறுங்கறதெல்லாம் போயே போச்சு. ஜோரா இருக்குது. அது வேற யாருதோ."

அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். உடைந்த கப்பின் சில்லு ஒன்று உள்ளங்காலில் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. சுண்டுவிரல் இடுக்கில் பழைய புண் ஒன்று கறுத்துப்போய் இருந்தது. டாக்டர் சில்லைப் பிடித்து இழுத்தபோது மயில்சாமி ஆர்வமாக எட்டிப் பார்த்தார். "யார் கால்ல இருந்துங்க எடுக்கறீங்க?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் சர்க்கரை அளவைப் பார்த்த பெரிய டாக்டர் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்று கொண்டுவரச் சொன்னார். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. "இருந்த வரைக்கும் அதால பெருசா ஒண்ணும் பிரயோசனம் இல்ல கண்ணு," என்று மயில்சாமி ஆறுதல் சொன்னார். வெளி வராந்தாவில் உட்கார்ந்து பூங்கோதை அழுதாள். அவர் அடிக்கடி தண்ணீர் குடிப்பதை அவள் பார்த்திருந்தாள். இளைத்துப்போனதைப் பார்த்து, ஆள் அழகாகிவிட்டார் என்றுகூட நினைத்திருந்தாள். ஆனால் "உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று கல்யாணமான புதிதில் கேட்டதோடு சரி. பங்கி வந்தபிறகு அந்தக் கேள்வியை எந்த வீட்டிலும் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது, எனக்கு எப்படியோ அப்படித்தானே உங்களுக்கும்?

சங்கம் கூடி, இனி ஞாயிறுதோறும் கொஞ்ச நேரம் பெட்டியை அணைப்பது என்று தீர்மானித்தது. டாக்டர் ஷமீமாவின் செடிகள் தண்ணீரில்லாமல் வாடத் தொடங்கின. அறை வாசலில் அவ்வளவு கூட்டம்.

மயில்சாமியின் பங்கியை, புண் ஆறும்வரை போடக்கூடாது என்று அணைத்துவிட்டார்கள். தினமும் கட்டு மாற்றும்போது, எந்த இடத்திலிருந்து உணர்ச்சி இருக்கிறது என்று பஞ்சால் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இழந்தது முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது, சர்க்கரையை அடக்கினால் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்றார்.

ஒரு காலை நேரம். மயில்சாமி நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். பூங்கோதை பஞ்சால் உள்ளங்காலைத் தொட்டாள்.

"தெரியுதுங்களா?"

"இல்ல."

குதிகால். இல்லை. பாதத்தின் மேல்புறம். இல்லை. அவள் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள். கணுக்காலைப் பிடித்திருந்த விரல்கள் தெரியாமல் அங்கிருந்த வீக்கத்தின்மேல் அழுந்திவிட்டன.

"ஐயோ! அம்மா! வுடு கோதை, வுடு!"

குடியிருப்பே அதிர்ந்தது. பதினைந்து வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் தனியொரு மனிதர் அப்படிக் கத்தியதில்லை. கதவுகள் படபடவென்று திறந்தன. ரோஷினி தீயணைப்பு உருளையோடு ஓடிவந்தாள். பத்மநாபன் லிஃப்டுக்குள் யாரோ சிக்கிக்கொண்டதாக நினைத்து அதன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். சின்னராஜ் தைலப் புட்டியோடு இறங்கி வந்தார். சுடர்விழி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சுங்க்கா?"

பூங்கோதை கணவரின் காலைக் கட்டிக்கொண்டு அழுதபடி சிரித்தாள். "வலிக்குதாமுங்க! மாமாவுக்கு வலிக்குதாமுங்க!"

வந்தவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒருவர் விசிறினார். கடைசியில் பத்மநாபன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எப்படிங்க வலிக்குது?"

மயில்சாமி யோசித்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியும் வெகுகாலமாயிற்று. "இப்படி... சுருக்குன்னு கெளம்பி, மேல ஏறி, முட்டிக்கிட்ட வந்து நிக்குதுங்க. நின்னு யோசிச்சுப்போட்டு மறுபடி கீழ எறங்குது." எல்லோரும் நெருங்கி வந்தார்கள். சுடர்விழி தரையில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. மயில்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு விரலில்லாத இடத்தைக் காட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார். யாரோ 'த்சொ, த்சொ' என்றார்கள். அவர் முகத்தில் பூங்கோதை வெகுநாளாகப் பார்த்திராத ஒரு களை வந்திருந்தது.

அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ரொம்ப வலிச்சா சொல்லுங்க மாமா. டாக்டரக் கேட்டு, பங்கிய மறுபடி போட்டுக்கலாம். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கறோம்."

"இரு கண்ணு," என்றார் மயில்சாமி. "இன்னும் சொல்லியே முடிக்கல."